எரியலாம், பொரியக் கூடாது

என் அம்மாவிடம் யாராவது "மக என்ன வேல பாக்குது?" என்று கேட்டால், "எண்ணெ ஊத்துற வேல" என்று சொல்லிவிடுவார். கேட்டவர்கள் பெட்ரோல் பங்க் என்று எடுத்துக்கொள்வார்கள். அட்டுவம்பட்டியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறார்கள். தன் தம்பிக்கும் பங்க்கில் ஒரு வேலைக்குச் சொல்ல முடியுமா என்று ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மா சொன்னதில் எந்த வார்த்தை தப்பு என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது.

நான் வேலை பார்த்தது ஒரு சின்ன கேஸ் டர்பைன் இஞ்சினில். குடத்தைப் படுக்க வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருக்கும். ஆளில்லாத விமானத்துக்காகச் செய்தது. முன்பக்கம் காற்றை இழுத்து அழுத்தும், நடுவில் மண்ணெண்ணெயைத் தூவி எரிக்கும், பின்பக்கம் சூடான காற்றாகத் தள்ளும். பழைய இஞ்சின்களில் எண்ணெய் ஊற்றும் பம்ப் இஞ்சினோடு பல்சக்கரத்தால் கோத்திருக்கும். இஞ்சின் எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அந்த வேகத்தில் பம்ப்பும் சுற்றும், கூடுதலான எண்ணெய் திரும்பத் தொட்டிக்கே போய்விடும். எங்கள் இஞ்சினில் பம்ப்புக்கு என்று தனியாக ஒரு மின்மோட்டார். இஞ்சின் என்ன வேகத்தில் சுற்றினாலும் பம்ப் தன் பாட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் ஊற்றும். அந்த வேண்டிய அளவு எவ்வளவு என்று ஒவ்வொரு நொடியும் முடிவுசெய்கிற பெட்டிதான் என்னுடைய வேலை. ஆக, எண்ணெய் ஊற்றுகிற வேலை.

சமவெளியில் இஞ்சின் சொன்னபடி பற்றிக்கொண்டது. மலையில்தான் தகராறு. உயரத்தில் காற்று மெலிந்துபோகும். தொடக்கத்தில் ஒரு துளி கூடினாலும் சூடு எகிறி உள்ளே இருக்கும் தகடுகள் வெந்துபோகும். அதனால் பம்ப் மிக மெதுவாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றச் சொன்னால் என் மோட்டார் திக்கியது. எண்ணெய் சீராகப் போகாமல் விட்டு விட்டுப் போனது. ஒவ்வொரு முறை விடும்போதும் இஞ்சினுக்குள் ஒரு பட். பிறகு படபடவென்று ஒரே பொரிதல். சில நாள் அதோடு தீ அணைந்தும்போகும். இஞ்சினை வாங்க இருந்தவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: மலை உயரத்தில், குளிரில், சத்தமில்லாமல் பற்ற வேண்டும். பற்றாவிட்டால் வெளிநாட்டிலிருந்து பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். எங்கள் சிறு குழுவைக் கலைத்துவிடுவார்கள். நான் இந்த வயதில் சென்னை வெயிலில் வேலை தேடி அலைய வேண்டும். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அட்டுவம்பட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அம்மா தருகிற தேத்தண்ணியைக் குடித்தபடி இந்த வேலையைச் செய்வதுதான் என் வாழ்க்கையில் நான் வாங்கிக்கொண்ட ஒரே சொகுசு.

அப்படித்தான் மலைக்குள் தள்ளி இருக்கிற கூக்கால் என்ற ஊருக்குப் போனேன். உயரம் இருந்தது, குளிர் இருந்தது, சத்தம் போட்டால் ஹோட்டல்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். ஏரிக்கு மேலே சரிவில் ஒரு பூண்டுக் கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. அறுப்பு முடிந்து காலியாக இருந்தது. ஆனால் வாசம் காலி செய்யவில்லை. நான் எழுதிய நிரல்கள் எல்லாம் பூண்டு வாசத்தில் எழுதப்பட்டவை. பஸ் எப்போதாவது வரும் என்பதால் வார நாட்களில் அங்கேயே தங்கிவிடுவேன்.

கொட்டகைக்காரி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். அவருக்கு எதையும் தெரிந்துகொள்ளாமல் விட முடியாது. "இது என்னத்தா? இந்த வயரு எங்க போகுது? இது எதுக்கு இந்தக் கத்துக் கத்துது?" என்று தினமும் கேட்பார். நானும் முதலில் அழுத்தம், வெப்பநிலை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே என் மீது நம்பிக்கை போய்விடும். ஒருநாள் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று தோன்றியது.

"அக்கா, நீங்க தாளிக்கிறீங்கல்ல. எண்ணெ காயுறதுக்கு முன்னாடியே கடுகப் போட்டா என்ன ஆகும்?"

"வெடிக்காது. அப்படியே கசந்து கெடக்கும்."

"ரொம்பக் காஞ்சுருச்சுன்னா?"

"கருகிப்போகும்."

"பதம் பாத்து ஊத்துற கை ஒண்ணு இருக்குல்ல. அந்தக் கையத்தான் நான் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப இது தாளிக்கிற மிசினு."

"ஆமாக்கா."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரிய பெரிய கூட்டங்களில் படம் போட்டு விளக்கி யாருக்கும் புரியாத விஷயம், ஒரு அடுப்படியில் புரிந்துவிட்டது. மறுநாளே டீக்கடையில் "தாளிப்பு மிசினு எப்படி ஓடுது?" என்று விசாரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே "நல்லா ஓடுதுங்க" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வாங்கப்போகிற நிறுவனத்திலிருந்து பரிசோதிக்க ஒருவர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ, எதையும் தொடுமுன் கைக்குட்டையால் துடைக்கிற பழக்கம். அவரைக் கொண்டுவந்து விட்ட கார் உடனே மலையிறங்கிப் போய்விட்டது. பகல் முழுக்க இஞ்சினை ஓட்டிக் காட்டினேன். காட்டினேன் என்ன, மானம்தான் போனது. ஒவ்வொரு முறையும் படபடவென்று பொரிந்தது, யூகலிப்டஸ் மரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் போயின, கடைசி முறை தீ அணைந்து கொட்டகை நிறைய வெள்ளைப் புகை.

கோயம்புத்தூர்க்காரர் காதுக்கவசத்தைக் கழற்றினார். "ஏனுங்க மேடம், உள்ள பாப்கார்ன் ஏதாவது போட்டிருக்கீங்களா?"

நான் கையை வீசிப் புகையை விலக்கினேன்.

"நாளைக்குக் காலைல இன்னொருக்கா பாத்துரலாங்க. அப்பவும் இதே மாதிரின்னா, நான் போயி இல்லைன்னு சொல்லிர்றனுங்க" என்றார். இதில் கொடுமை என்னவென்றால், மனிதர் அதைக் கனிவாகச் சொன்னார்.

சாயங்காலம் டீ குடிக்க ஊருக்குள் இறங்கினோம். அம்மன் கோயில் முன்னால் நல்ல கூட்டம். கொட்டு முழங்கியது. பூசாரி தாம்பாளத்தில் மஞ்சள் கயிறுகளோடு நின்றார். கோயம்புத்தூர்க்காரர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேராகப் போய்க் கையை நீட்டினார். கோயிலில் கயிறு கொடுத்தால் கையை நீட்டுவதுதானே பழக்கம் என்று அப்புறம் சொன்னார். அவர் நீட்டும்போது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காதே என்று நானும் நீட்டினேன். ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு தலையசைத்தார்கள். அந்த மரியாதை கொஞ்சம் அதிகமாக இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். அது என்ன கயிறு என்று காலையிலிருந்து கோயில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். நாங்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து காதுக்கவசம் போட்டிருந்தோம்.

மறுநாள் காலை கொட்டகைக் கதவுக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"இன்னைக்கு மிசினு கூடாது."

"ஏங்க்கா?"

"நேத்துக் காப்புக் கட்டியாச்சுல்ல. திருவிழா முடியுற மட்டும் ஊருக்குள்ள ஒருத்தரும் தாளிக்கக் கூடாது. அம்மனுக்கு ஆகாது."

"நாங்க தாளிக்கலையேக்கா."

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீதான சொன்ன."

கோயம்புத்தூர்க்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "சரிங்க மேடம், உங்க ஊரு வழக்கம், நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நேத்துப் பாத்தத வெச்சே நான் சொல்லிக்கறனுங்க."

"சார் எங்க கெளம்புறாக?" என்றார் அக்கா. "காப்புக் கட்டுனவுக ராத்திரி எல்லை தாண்டித் தங்கக் கூடாதுங்க. தேரு நிலைக்கு வந்து காப்பு அவுத்தாத்தான் போகலாம்."

அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அறுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்தான். அதை அவரே வாய்விட்டுச் சொன்னார். சொன்னாரே தவிர அந்தக் கயிற்றைத் தொடவில்லை. இஞ்சின்களை உடையும்வரை ஓட்டிப் பார்ப்பதுதான் அவர் தொழில். ஒரு மஞ்சள் கயிற்றை உடைக்க அவருக்குக் கை வரவில்லை.

ஏரிக்கரையில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று தன் மேலதிகாரிக்கு நெடுநேரம் விளக்கினார். மேலதிகாரி வடக்கத்திக்காரர். காப்புக் கட்டுக்கு இவரிடம் ஆங்கிலம் இல்லை. திக்கித் திணறிக் கடைசியில் "குவாரண்டைன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் பதறிப்போய், முழுதாகக் குணமாகும்வரை அலுவலகப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். பாறையிலிருந்து இறங்கிய மனிதரின் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நேற்று அவர் கேட்ட பாப்கார்னுக்கு இது சரியாகப் போயிற்று என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

திருவிழா முடியும்வரை காத்திருந்தால் வாங்குகிறவர்கள் குறித்த கெடு தாண்டிவிடும். அதனால் ஊர்ப் பெரியதனக்காரரைப் போய்ப் பார்த்தேன். கேரட் போடுகிறவர், எந்தக் காலத்திலும் குரங்குக் குல்லாவைக் கழற்றாதவர், பேசுவதற்கு முன்னால் ஒரு முறை ஏரியைப் பார்த்துக்கொள்வார். அவர் என்னைத் திட்டவுமில்லை, விரட்டவுமில்லை. இது ஊர் கூடிப் பேச வேண்டிய சங்கதி என்றார். மதியம் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூடினார்கள்.

முதல் சாட்சி அக்கா. நான் அடுப்படியில் சொன்னதை ஒரு சொல் விடாமல், என் கை அசைவு உட்படச் சொன்னார். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகை வேறு செய்தார்.

"எண்ணெ இருக்கா?" என்று பெரியதனக்காரர் என்னைக் கேட்டார்.

"மண்ணெண்ணெ இருக்குங்க."

"சூடு இருக்கா?"

"இருக்குங்க."

"சூட்டுல எண்ணெய விடுறீகளா?"

"விடுறோங்க."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பின்னாலிருந்து ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார். "கடுகு போடலைல்ல? கடுகு போடலைன்னா அது என்ன தாளிப்பு?"

"எங்க வீட்ல வெந்தயத்துலதான் தாளிப்போம். அப்ப நாங்க தாளிக்கலையா?" என்று ஒரு பெண் கேட்டார். பரிந்து பேசியவர் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, பைக்லயும் பெட்ரோல் எரியத்தான் செய்யுது. அத ஓட்டுறீங்கல்ல?"

பெரியதனக்காரர் ஏரியைப் பார்த்தார். "பைக்கத் தாளிப்புன்னு இந்த ஊர்ல யாரும் சொன்னதில்லத்தா. இத நீ சொல்லியிருக்க."

இதற்கு மேல் என்ன வாதாடுவது? கோயம்புத்தூர்க்காரர்கூட "அவரு சொல்றது சரிதானுங்க மேடம்" என்றார். அவர் யார் கட்சி என்றே எனக்குப் புரியவில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்தார். ஊரிலேயே கூர்மையான காது அவருடையதாம். ஒரு வருஷம் காப்புக் காலத்தில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு அப்பளம் பொரித்ததை மூன்றாவது தெருவிலிருந்து கேட்டுப் பிடித்தவர். அந்த வருஷம் ஆலங்கட்டி மழை கொட்டிக் கேரட்டும் பூண்டும் மண்ணோடு போனது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் என்னைச் சீண்டவில்லை, உண்மையிலேயே பயந்துதான் இருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சோறாக்க அடுப்பு எரியத்தான செய்யுது. எரியுறது ஆகாதுன்னு யாரு சொன்னா?" என்றார் பெரியம்மா. "பொரியுற சத்தந்தான் ஆத்தாளுக்கு ஆகாது."

பெரியதனக்காரர் ரொம்ப நேரம் ஏரியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "எரியலாம். பொரியக் கூடாது. பெரியம்மா உக்காந்து கேக்கட்டும். சத்தம் வரலைன்னா அது அடுப்பு. ஒரு பொட்டுச் சத்தம் வந்தாலும் அது தாளிப்பு, அதோட மிசின மூடிப்புடணும். ஒருக்காத்தான்."

கூட்டம் கலைந்தது. நானும் கோயம்புத்தூர்க்காரரும் மந்தையில் நின்றுகொண்டிருந்தோம். அவர் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், நாங்க கேக்கறதும் அதேதானுங்களே. தீ பத்தும்போது ஒரு தடுமாட்டம் வரக் கூடாதுங்கறோம். நாங்க அத ஸ்கிரீன்ல பாப்போம், இவங்க காதுல கேப்பாங்க."

"உங்களுக்கு எத்தனை தடவ காட்டணும்?"

"ஊருக்கு ஒருக்கான்னா எனக்கும் ஒருக்காவே போதுங்க" என்றார்.

அதாவது, பகல் முழுக்கப் பொரிந்து தள்ளிய ஒரு இஞ்சினை, தொட்டுச் சரிபார்க்க ஒரு முறைகூடப் பற்றவைக்காமல், ஒரே முயற்சியில் சத்தமில்லாமல் பற்றவைத்துக் காட்ட வேண்டும். நான் கொட்டகைக்குத் திரும்பிப் போய்ப் பூண்டுச் சாக்கின்மேல் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். இஞ்சினைப் பார்த்துத்தான் சொன்னேன்.

எரிக்கக் கூடாது என்றால் பம்ப்பை மட்டும் ஓட்டலாம். இஞ்சினிலிருந்து பம்ப்பைக் கழற்றி, ஒரு கேனிலிருந்து எண்ணெயை இழுத்து இன்னொரு பாத்திரத்தில் ஊற்ற விட்டேன். வாசலில் நின்று பார்த்த அக்கா, "பச்சை எண்ணெய ஊத்துனா குத்தமில்ல" என்று அனுமதி கொடுத்தார். அவ்வளவு காலமாக நான் பம்ப்பைப் பார்த்ததெல்லாம் கணினித் திரையில் கோடாகத்தான். கோடு நடுங்கும், நடுக்கத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்க ஒரு கணக்குப் போடுவேன், அது போதாமல் இன்னொன்று போடுவேன். நடுக்கத்துக்கு ஒழுங்கே கிடையாது, தோன்றியபடி வருகிறது என்று முடிவுகட்டியிருந்தேன். இப்போது வேறு வழியில்லாமல் ஒரு சில்வர் தூக்குச்சட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மண்ணெண்ணெய் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூர்க்காரரும் பக்கத்தில் குந்தினார். அவருக்கு வேறு சோலி இல்லை. இஸ்திரிச் சட்டை கசங்கிவிட்டது, ஷூவில் செம்மண் ஏறிவிட்டது, எல்லாவற்றையும்விடச் சாப்பாடு அவரை வாட்டியது. அக்கா வீட்டில்தான் எங்கள் இருவருக்கும் சாப்பாடு. தாளிக்காத குழம்பு, தாளிக்காத ரசம், தாளிக்காத கீரை. "ரசத்தத் தாளிக்காட்டி அது புளிச்ச வெந்நிதானுங்க" என்று சோகமாகச் சொல்வார். பேச்சு எதில் தொடங்கினாலும் அவர் வீட்டுச் சின்ன வெங்காயத்திலும் கறிவேப்பிலையிலும் போய் முடியும்.

பாறைமேல் ஏறி அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்குத் திருவிழாவும் புரிந்தது, கெடுவும் புரிந்தது. ஆனால் கவலை வேறு பக்கம் போனது.

"தாளிக்காம எப்புடிப் புள்ள சாப்புடுற?"

"அதுவா இப்பப் பிரச்சனை?"

"தேங்காச் சம்பல் இடிச்சுத் திங்க வேண்டியதுதானே? எண்ணெயே தேவல்ல. தோட்டத்துல அடுப்புக்கு முன்னால நிக்க நேரமில்லாத நாளெல்லாம் எங்களுக்கு அந்தச் சம்பலும் ரொட்டியுந்தானே." தோட்டம் என்றால் அம்மாவுக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டம். அங்கிருந்து இங்கே வந்து எவ்வளவோ காலம் ஆகியும், தோட்டம் என்று சொன்னால் வேறெதுவும் கிடையாது. அக்காவிடம் செய்முறையைச் சொன்னேன். தேங்காய், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, எலுமிச்சை. அன்று கோயம்புத்தூர்க்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு, இந்த ஊரில் இதுவரை தன் கண்ணால் பார்த்ததிலேயே ஒழுங்காக வேலை செய்வது இந்தச் சம்பல் ஒன்றுதான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டேன்.

கோபத்தில் பம்ப்பை இன்னும் மெதுவாகச் சுற்ற விட்டேன். நூல் மாதிரி ஒழுகிய எண்ணெய் ஓரிடத்தில் மெலிந்தது, தடித்தது, மறுபடி மெலிந்தது. சுழலும் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். கோடு உச்சிக்கு வரும்போது எண்ணெய் மெலிந்தது. அடுத்த சுற்றிலும் உச்சிக்கு வந்தபோதுதான் மெலிந்தது. அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. ஒழுங்கே இல்லை என்று நான் ஒதுக்கித் தள்ளிய நடுக்கம் அச்சுப் பிசகாமல் ஒரே இடத்தில்தான் வந்துகொண்டிருந்தது. மோட்டாருக்குள் இருக்கிற காந்தம் அந்த இடத்தில் தண்டைக் கொஞ்சம் பிடித்துவைக்கிறது. அப்புறம் சட்டென்று விடுகிறது. நான் போட்ட கணக்குகள் எல்லாம் விட்டதற்கு அப்புறம் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தன. பிடிக்கும் முன்பே கொஞ்சம் தள்ளிவிட்டு, விடும் முன்பே கொஞ்சம் தளர்த்தினால் போதும். இது தெரியாமலா இத்தனை நாள் இருந்தேன் என்று எரிச்சலாக வந்தது. இஞ்சினைப் பற்றவைக்க முடிந்த நாட்களில், பற்றவைத்துப் பற்றவைத்துப் பார்ப்பதிலேயே பொழுது போயிருந்தது.

சாக்கின்மேல் உட்கார்ந்து பழைய கணக்குகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அடுத்த நாள் வெள்ளனே எழுந்து ஓட்டிப் பார்த்தேன். எண்ணெய் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில் இறங்கியது. கோயம்புத்தூர்க்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பச்சைல நல்லா இருக்குதுங்க. நெருப்புல என்னன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அதே கேள்விதான் எனக்கும். எனக்குப் பயமாக இருந்தது. பற்றாமல் போனால் என்ன என்பதைவிட, ஒரே ஒரு பட் வந்துவிட்டால் இந்த ஊர் ஆலங்கட்டிக்குப் பயந்து வானத்தைப் பார்த்தபடி இருக்குமே, அதற்குக் காரணம் நானாக இருப்பேனே என்பதுதான் பெரிய பயம்.

நாள் குறித்தது பெரியதனக்காரர். காலைப் பூசை முடிந்து ஊரே சரிவில் ஏறி வந்துவிட்டது. இஞ்சினைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி நிறுத்தி, நீளமான வயர் இழுத்து, காதைப் பொத்தாமல் உட்காரக்கூடிய தூரத்தில் வரப்போரமாக என் கணினியை வைத்திருந்தேன். பெரியம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கண்ணால் பார்த்தால் காது ஏமாந்துபோகும் என்று, இஞ்சினுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார் பெரியதனக்காரர். பெரியம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏலே, எவனும் இருமக் கூடாது" என்று பெரியதனக்காரர் பின்னால் நின்ற இளவட்டங்களைப் பார்த்துச் சொன்னார்.

பொத்தானை அழுத்தினேன். தொடக்க மோட்டார் இஞ்சினைச் சுழற்ற ஆரம்பித்தது. ரீங்காரம் மெல்ல ஏறியது. உள்ளே ஒரு கம்பி சிவந்து காய்ந்துகொண்டிருக்கும். பம்ப்பைச் சுற்றச் சொன்னேன். திரையில் வெப்பம் அசையாமல் நின்றது. கொஞ்சம் அசைந்தது. பிறகு ஏறத் தொடங்கியது. படியேறுகிற மாதிரி விட்டு விட்டு அல்ல, ஒரே சரிவாக. என் காது முழுவதும் அந்த ஒரு பட்டுக்காகக் காத்திருந்தது. ரீங்காரம் ஏறியது. இன்னும் ஏறியது. இஞ்சினுக்குப் பின்னால் இருந்த பனிமூட்டம் விலகி, எதிர்ச்சரிவில் இருந்த பாத்திகள் சூடான காற்றில் நெளிந்து நெளிந்து தெரிந்தன. தொடக்க மோட்டாரை விடுவித்தேன். இஞ்சின் தன் காலில் நின்று ஓடியது. சத்தம் ஒரே மட்டத்துக்கு வந்து நிலைத்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பெரியதனக்காரர் ஏரியைப் பார்க்க மறந்து என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் ஏன் அழுகிறேன் என்று எனக்கு என் மீதே கோபமும் வந்தது.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியம்மா நாற்காலியில் நெளிந்தார். கண்ணைத் திறக்காமலே, ரீங்காரத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்.

"ஏத்தா, வெறுமன சுத்த விட்டுக்கிட்டே இருக்க. எப்பத்தான் பத்த வைக்கப் போற? குளுருல எம்புட்டு நேரம் உக்காந்திருக்கிறது? வெரசா வையி."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர்க்காரர் திரையிலிருந்து கண்ணை எடுத்து, என்னைப் பார்த்து, பிறகு அவரிடம் குனிந்தார்.

"எரியுதுங்க பெரியம்மா. மேடம் எப்பவோ பத்த வெச்சுட்டாங்க."

பெரியம்மா நம்பவில்லை. உள்ளங்கையைக் காதிலிருந்து எடுக்காமல், எங்களை எல்லாம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, பொரிகிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.